ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சி: எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது?

கடிதம்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்பு அலுவலர் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஆலையின் அடையாளத்தையும் தவிர்த்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

நிரந்தரத் தொழிலாளர்கள் 130 பேர், கான்ட்ராக்ட் ஆட்கள் 210 பேர். புதுச்சேரி சேதராப்பட்டில் இதே நிறுவனத்துக்கு ஒரு சிறிய பேக்கிங் யூனிட்டும் உண்டு. இதுவரை எல்லாம் வகுப்பறைப் பயிற்சிதான். மூன்று ஷிப்ட் என்பதால் பாதிப் பேரைப் பிடிக்கவே முடிவதில்லை. இப்போது ஒரு நிறுவனம் 60 பாடங்கள் கொண்ட எல்.எம்.எஸ். மென்பொருளையும் (பாடங்களைக் காட்டி, யார் முடித்தார் என்று பதிவு செய்வது) இரண்டு வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடிகளையும் சேர்த்து விலை சொல்லியிருக்கிறது. பாடங்கள் ஆங்கிலத்தில், அடியில் தமிழ் சப்டைட்டில்.

“இதை வாங்கிவிட்டால் வகுப்பே வேண்டாம். எல்லாரும் வீட்டில் போனில் பார்த்துச் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளட்டும்” என்கிறார் மேலாளர். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது கான்ட்ராக்டர் பாடு, அவர்களுக்கு லைசென்ஸ் எண்ணிக்கை வாங்கத் தேவையில்லை என்பதும் அவர் கருத்து. சோதனைக்காகக் கொடுத்த கணக்கில் பலர் பாடத்தை முடிக்கவில்லை. அடுத்த மாத ஆடிட்டுக்குள் “நீங்களே உள்ளே போய்க் கிளிக் பண்ணி முடித்துவிடுங்கள்” என்று சொல்லியிருக்கிறாராம்.

கேள்விகள் மூன்று. ஆன்லைன் பயிற்சி சட்டப்படி செல்லுமா? எந்தத் தொழில்நுட்பத்தை எடுப்பது? நாளைக்கு ஒரு விபத்து என்றால் இந்தச் சான்றிதழ்கள் எங்களைக் காப்பாற்றுமா?

பதில்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

காகிதப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். மென்பொருளின் பதிவு அப்படியல்ல. யார், எந்தக் கருவியிலிருந்து, எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று எல்லாவற்றையும் அது எழுதி வைக்கும். 40 நிமிடப் பாடத்தை ஒருவர் 3 நிமிடத்தில் முடித்திருந்தாலோ, ஒரே கணினியிலிருந்து வரிசையாக முப்பது பேர் “தேர்ச்சி” பெற்றிருந்தாலோ, விசாரணைக்கு வருபவர் அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். விபத்தில் சிக்கியவர் பயிற்சி நாளன்று லீவில் இருந்தார், ஆனால் அன்றே பயிற்சி முடித்ததாகப் பதிவு இருக்கிறது என்றால் உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உங்களைக் காப்பதற்கென்று வாங்கிய பதிவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

ஆகவே மேலாளர் சொன்னபடி கிளிக் செய்யாதீர்கள். இதில் நடுவழி எதுவும் கிடையாது. முடிக்காதவர்கள் பட்டியலை அப்படியே எடுத்து, ஒவ்வொருவருக்கும் என்றைக்குப் பயிற்சி என்று தேதி போட்டு, மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். “இத்தனை பேர் பாக்கி, இந்தத் தேதிக்குள் முடிப்போம், அதுவரை இவர்களுக்குத் தொட்டிக்குள் இறங்கும் வேலையோ தீப்பொறி பறக்கும் ஹாட் வொர்க்கோ கொடுக்க மாட்டோம்” என்று மூன்று வரி போதும். நிலுவையை ஒப்புக்கொண்டு தேதியும் குறித்திருக்கும் ஆலையை ஆடிட்டர் ஒரு குறையோடு விட்டுவிடுவார். பொய்ப் பதிவு பிடிபட்டால் மற்ற எல்லாப் பதிவேடுகளின் மேலும் சந்தேகம் விழும். அந்தப் பதிவேடுகளில் இருப்பதும் உங்கள் கையெழுத்துதான்.

சட்டம் கேட்பது என்ன?

பயிற்சி வகுப்பறையில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் பொதுவாகச் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் ஒரே மூச்சில் கேட்டது. 1987-இல் சேர்ந்த 111ஏ பிரிவு, பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதிவைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் கடமை நிர்வாகத்தின் தலையில்தான். எனவே “ஆன்லைன் செல்லுமா” என்று கேட்பதைவிட, “இந்த வேலையை இந்த ஆள் பாதுகாப்பாகச் செய்வார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்” என்ற கேள்விக்குத் தயாராகுங்கள். ஆய்வாளர் கேட்கப்போவதும் அதைத்தான்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா இதில் தெளிவாக இருக்கிறது. கணினிவழிப் பயிற்சி மட்டும் போதாது, தகுதியுள்ள பயிற்சியாளரிடம் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும், கையால் செய்து பழகவும் வேண்டும் என்பது அதன் விளக்கம். அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் மேலாளரிடம் எடுத்துச் சொல்ல உதவும்.

சில சான்றிதழ்களை எந்த மென்பொருளும் தர முடியாது என்பதையும் கவனியுங்கள். முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவருக்கு மாநில அரசு அங்கீகரித்த முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். பாய்லர் இயக்குபவருக்குத் தனித் தகுதிச் சான்று உண்டு. அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநருக்கு அதற்கென்ற பயிற்சியும் லைசென்ஸில் பதிவும் தேவை. உங்களுக்கு விலை சொன்னவரின் 60 பாடங்களில் இந்த மூன்றில் எது இருந்தாலும் அதை நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்ட் ஆட்கள் யார் பொறுப்பு?

உங்கள் நிர்வாகத்தின் பொறுப்பு. மேலாளர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளர் என்று சொன்னபோதே கான்ட்ராக்டர் மூலம் வந்தவரையும் சேர்த்துத்தான் சொன்னது. உங்கள் ஆலைக்குப் பொருந்தும் 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளில் 4-ஆம் விதி, வளாகத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தகவலும் பயிற்சியும் மாற்று மருந்து உள்ளிட்ட சாதனங்களும் தரச் சொல்கிறது. யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்ற கேள்வியே அங்கு இல்லை.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். தொட்டி கழுவ, டேங்க் சுத்தம் செய்ய, வெல்டிங் அடிக்க, உயரத்தில் ஷீட் மாற்ற உங்கள் ஆலையில் இறங்குவது யார்? 210 பேரை விட்டுவிட்டு 130 பேருக்கு லைசென்ஸ் வாங்கினால், ஆபத்து குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஆபத்தில் நிற்பவர்களைக் கதவுக்கு வெளியே விட்டது போலாகும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தலைக்கு ஆண்டுக் கட்டணம் என்றால், மாதம் பத்துப் பேர் மாறும் கான்ட்ராக்ட் வேலையில் பணம் கரைந்துகொண்டே இருக்கும். “ஒரே நேரத்தில் இத்தனை பேர்” என்ற கணக்கில் விலை கேளுங்கள். அல்லது வெளியேறியவரின் லைசென்ஸைப் புதியவருக்கு மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உள்நுழைய மின்னஞ்சல் முகவரி கேட்கும் மென்பொருள் உங்களுக்கு உதவாது. கேட் பாஸ் எண்ணும் நாலு இலக்க ரகசிய எண்ணும் போதும் என்றிருக்க வேண்டும்.

முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள், பிறகு கருவி

மென்பொருள் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் ஆலையில் ஆளைக் கொல்லக்கூடிய வேலைகளை எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றிலும் தெரிந்திருக்க வேண்டியது எது, முடிவெடுக்க வேண்டியது எது, கை பழக வேண்டியது எது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எந்தக் கருவி எங்கே என்பது தானாகவே விளங்கும்.

உங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்து அழுகிய முட்டை வாடையே தெரியாமல் போகும். இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவை. நான்கு நிமிட வீடியோவில் சொல்லிவிடலாம், வகுப்பறையைவிட நன்றாகவே சொல்லலாம்.

அடுத்தது முடிவு. பெரும்பாலான ஆன்லைன் பாடங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. “தொட்டிக்குள் இறங்குமுன் வாயுப் பரிசோதனை அவசியமா? ஆம் / இல்லை” என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? இப்படிக் கேளுங்கள்: “நீங்கள் மேலே காவல் நிற்கிறீர்கள். உள்ளே இருப்பவர் இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. காலையில் எடுத்த கேஸ் ரீடிங் சரியாக இருந்தது. இப்போது என்ன செய்வீர்கள்?” விடைகளில் ‘இறங்கித் தூக்குவேன்’, ‘மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்குவேன்’, ‘பெல்ட்டில் கட்டிய கயிற்றை வின்ச்சில் மேலே இழுத்துக்கொண்டே வாக்கியில் கூப்பிடுவேன்’ மூன்றும் இருக்கட்டும். முதல் இரண்டும் ஆட்கள் நிஜமாகவே செய்வது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சாவது அப்படித்தான். தவறான விடையைத் தொட்டதும் ‘தவறு’ என்று சிவப்பில் காட்டி நகர்ந்துவிடாமல், காலை ரீடிங் ஏன் பிற்பகலுக்குச் செல்லாது, அடிச்சகதியைக் கிளறினால் வாயு ஏன் கிளம்பும் என்று அங்கேயே இரண்டு வரி சொல்ல வேண்டும்.

தேர்ச்சி மதிப்பெண் 80 சதவீதம் என்று வைப்பது வழக்கம். விட்ட 20 சதவீதத்தில் இந்தக் கேள்வி இருந்தால்? உயிர் போகும் கேள்விகளுக்குக் குறி போட்டு, அவற்றில் ஒன்று தவறினாலும் மறுபடி பாடம் என்று அமைக்க அந்த மென்பொருளில் வழி உண்டா என்று கேளுங்கள்.

மூன்றாவது, கை பழக வேண்டியது. மூன்று கால் டிரைபாடைச் சரியாக நிறுத்துவது, உடலில் கட்டும் ஹார்னஸின் கால் பட்டையை இறுக்குவது, கேஸ் டெஸ்டரின் குழாயை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இறக்கி ரீடிங் நிலைக்கும்வரை பொறுத்திருப்பது, முதுகுச் சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்றுத் தரும் எஸ்.சி.பி.ஏ. மாட்டுவது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் என்றால் 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் கணக்கில் 45 நிமிடம் என்று திரை சொல்லும். பதற்றத்தில் இருப்பவர் அதைவிட வேகமாக மூச்சு வாங்குவார் என்பது மாட்டிக்கொண்டு படியேறிப் பார்த்தால்தான் தெரியும். தாடி வைத்தவருக்கு மாஸ்க் ஓரத்தில் காற்றுக் கசிவதும் அப்போதுதான் தெரியும். இதற்கு ஆள் வேண்டும், சாதனம் வேண்டும், பக்கத்தில் நின்று சரிபார்க்கும் ஒருவர் வேண்டும். மென்பொருளின் வேலை, அவர் கையிலுள்ள டேப்லெட்டில் பன்னிரண்டு வரிச் சரிபார்ப்புப் பட்டியலைத் தந்து, அவர் பெயரோடும் தேதியோடும் பதிவு செய்துகொள்வது. அந்தப் பதிவு விழுந்தால்தான் இறுதிச் சான்றிதழ் என்று பூட்டி வையுங்கள். பணியிடப் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 45001-இன் ஆடிட்டர் தகுதிக்கு ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டியதும் இதுதான்.

வி.ஆர். கண்ணாடி பற்றி

வாங்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புகை சூழ்ந்த ஷெட்டில் எந்தப் பக்கம் ஓடுவது, ஒரு இடத்தில் என்னென்ன ஆபத்து என்று கண்டுபிடிப்பது போன்றவற்றுக்கு அது நல்ல கருவி. நிஜத்தில் செய்து காட்ட முடியாததை அதில் காட்டலாம். ஆனால் வால்வின் இறுக்கத்தையோ சிலிண்டரின் கனத்தையோ அது கைக்குத் தராது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 15 நிமிடம், கண்ணாடியைத் துடைத்து மாட்ட 5 நிமிடம். 340 பேருக்கு இரண்டு கண்ணாடியில் கிட்டத்தட்ட 57 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு பாடத்துக்கு. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கழற்றிய கையோடு அவர்களை ஏணி ஏறவோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவோ அனுப்பாதீர்கள். முதல் ஆண்டு அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாம். ஸ்கிராப்பில் கிடக்கும் ஒரு பம்ப், இரண்டு வால்வு, ஒரு ஐசொலேட்டர் பெட்டி ஆகியவற்றை ஒரு ஸ்டாண்டில் பொருத்தினால் பழுதுபார்க்குமுன் இயந்திரத்தை அணைத்துப் பூட்டும் ‘லாக் அவுட்’ பழகும் மேடை தயார். உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களே செய்துவிடுவார்கள்.

போன், மொழி, நேரம்

“எல்லாரும் போனில்” என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் சால்வென்ட் இருக்கும் பகுதியில் சாதாரண போனுக்கு அனுமதியே இல்லை. இயந்திரத்தில் க்யூ.ஆர். ஒட்டி, ஸ்கேன் செய்து பாடம் பார்க்கச் சொல்லும் திட்டம் விற்பனைக் கூட்டத்தில் அழகாக இருக்கும். தீப்பற்றும் ஆவி இருக்கும் இடத்தில் அந்த ஸ்டிக்கர், போனை வெளியே எடுக்கச் சொல்லும் அழைப்பு. க்யூ.ஆர். பணிமனையிலும் கேன்டீனிலும் கேட்டிலும் மட்டும் இருக்கட்டும்.

வீட்டில் பார்க்கச் சொல்வதும் சரிப்படாது. இரவு ஷிப்ட் முடிந்து குடிகாட்டுக்கோ செம்மங்குப்பத்துக்கோ போகிறவர் தூங்குவாரா, பாடம் பார்ப்பாரா? பிள்ளைதான் பார்த்துப் பதில் அழுத்தும். வேலைக்கான பயிற்சியை வேலை நேரத்துக்கு வெளியே கட்டாயமாக்கினால், அது ஓவர்டைமா என்ற கேள்வியை யூனியன் நியாயமாகவே எழுப்பும். பயிற்சி அறையில் நாலைந்து டேப்லெட், ஷிப்ட் தொடங்கும்போது ஒரு குழுவுக்கு 15 நிமிடம், வாரம் ஒரு பாடம். சூப்பர்வைசர் அங்கேயே இருப்பதால் சந்தேகம் கேட்கவும் ஆள் உண்டு, ஆள்மாறாட்டமும் இருக்காது. முக அடையாளம், கைரேகை எல்லாம் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். தேவையில்லாமல் தனிநபர் தரவைச் சேர்த்து 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பை ஏன் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்?

சப்டைட்டில் போதாது. வாசிக்கச் சிரமப்படுபவர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் இருக்குமிடத்தில் குரல்தான் மொழி. தமிழ், இந்தி, தேவைப்பட்டால் ஒடியா அல்லது பெங்காலியில் குரல் வேண்டும். கேள்வியையும் விடைகளையும் வாசித்துக் காட்டும் வசதி வேண்டும். ‘கன்ஃபைன்ட் ஸ்பேஸ்’ என்பதை ‘அடைபட்ட வெளி’ என்று மொழிபெயர்த்து வைத்தால் உங்கள் ஆட்களுக்குப் புரியாது. அவர்கள் ‘டேங்குக்குள்ள எறங்குற வேலை’ என்கிறார்கள், பாடமும் அதையே சொல்லட்டும்.

பொதுவான விஷயங்களுக்கு வாங்கிய பாடம் போதும்: தீயணைப்பான் வகைகள், குனிந்து தூக்குவது, மின் அபாயம் போன்றவை. உங்கள் ஆலைக்கே உரியதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். உங்கள் அவசரகாலத் திட்டம் அதில் முதலாவது. வாங்கிய அனிமேஷன் ‘கூடும் இடத்துக்குப் போங்கள்’ என்று மட்டும் சொல்லும். கடலூரில் பிற்பகல் கடற்காற்று கிளம்பினால் கசிந்த வாயு மேற்கே நகரும், விடியற்காலை நிலக்காற்றில் கிழக்கே திரும்பும். காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகி, இரண்டு கூடும் இடங்களில் எது என்று தீர்மானிப்பதை உங்கள் வளாகத்தின் படத்தை வைத்துத்தான் கற்றுக்கொடுக்க முடியும். அந்த வேலையைச் செய்கிறவரே தன் பேச்சில் விளக்கட்டும். ஆலை நிறுத்தத்தின்போது பர்மிட் (வேலை அனுமதித் தாள்) போட்டுப் படம் எடுங்கள், ஒரு வீடியோ நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதை அக்டோபருக்கு முன், புயல் காலம் வருவதற்குள் முடித்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடந்தபின் நம் பக்கம் கரண்டும் சிக்னலும் இருந்த லட்சணம் உங்கள் ஆலையில் பலருக்கு நினைவிருக்கும். அவசரகாலப் பாடம் இணையத்தை நம்பி இருக்கக்கூடாது, அச்சிட்ட ஒரு பக்கம் கேட்டிலும் கன்ட்ரோல் ரூமிலும் தொங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஆன்சைட் (ஆலை வளாக அவசரகால) ஒத்திகையை எந்தப் பாடமும் ஈடு செய்யாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பாடங்கள் ஸ்கார்ம் 1.2 அல்லது எக்ஸ்-ஏபிஐ என்ற பொது வடிவத்தில் இருக்க வேண்டும். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் எடுத்துப்போக முடியும். இலவசமாகக் கிடைக்கும் மூடுல் என்ற எல்.எம்.எஸ். உங்கள் அளவுக்குப் போதும், தமிழ் இடைமுகம் உண்டு, அதன் செயலியில் பாடத்தை இறக்கிவைத்து இணையமின்றிப் பார்க்கலாம். ஆனால் சர்வரையும் பதிவுகளையும் கவனிக்க ஐ.டி.யில் ஒருவர் கட்டாயம் தேவை. அப்படி ஆள் இல்லையென்றால் இலவசமே செலவாகிவிடும். மூடுலில் ஓட்டுவதாக இருந்தால் ஸ்கார்ம் 2004 பாடங்களை நம்பி வாங்க வேண்டாம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு பயிற்சிப் பதிவுகள் யாருக்கு, எந்த வடிவில் என்பதை எழுதி வாங்குங்கள். செயல்முறை மாறினால் பாடத்தின் பதிப்பு எண் மாறி, பழைய பதிப்பைப் பார்த்தவர்கள் பட்டியல் தானாக வர வேண்டும். சேதராப்பட்டு யூனிட்டுக்கு அதே மென்பொருள் போதும், பதிவேடு தனியாக இருக்கட்டும். அங்கே ஆய்வுக்கு வருவது புதுச்சேரித் துறை. தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு வைத்த கோப்பை அங்கே நீட்ட முடியாது.

340 பேருக்கும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) பிரிவில் 25 பேர், ஒரே ஒரு வேலை, ஆறு வாரம். எத்தனை பேர் முடித்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் அறிக்கையில் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: முடித்து ஒரு மாதம் கழித்து, வேலை செய்யும் இடத்திலேயே மூன்று கேள்வி கேட்டால் பதில் வருகிறதா? பர்மிட் தாளில் கேஸ் ரீடிங் கட்டம் மூன்று மட்டத்துக்கும் நிரம்பியிருக்கிறதா, ஒரே எண்ணை மூன்று முறை எழுதியிருக்கிறார்களா?

அந்த நிறுவனத்தார் அடுத்த முறை காட்ட வரும்போது நீங்களும் மேலாளரும் மட்டும் உட்காராதீர்கள். ஒரு ஆபரேட்டரையும் ஒரு கான்ட்ராக்ட் சூப்பர்வைசரையும் அவரவர் போனோடு கூப்பிடுங்கள். டேட்டாவை அணைத்துவிட்டுப் பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் டேங்க் சுத்தம் செய்யும் செயல்முறைத் தாளைக் கொடுத்து, இதிலிருந்து ஒரு பாடமும் ஐந்து கேள்வியும் ஒரு வாரத்தில் தமிழ்க் குரலோடு செய்துகொண்டு வாருங்கள் என்று கேளுங்கள். விலை பேசுவதை அது வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.